கை நனைக்காதவள்

ஜூன் 9, திங்கள்

வெயில் ஒழிந்தபாடில்லை. துணி காயப்போட்டுத் திரும்புவதற்குள் முதல் சட்டை காய்ந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புக்கு இன்று முதல் கணக்குப் பாடம். பாதிப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மறந்து போயிருக்கிறது. ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

மதியம் அவருக்கு டயாலிசிஸ். காலையில் பல் தேய்த்தவர் வெகுநேரம் வாய் கொப்பளித்தார். கொப்பளிக்கும் சத்தம் வந்தது, துப்பும் சத்தம் வரவில்லை. போய்ப் பார்த்தால் சின்னப் பிள்ளை மாதிரி முழிக்கிறார். ஒரு நாளைக்கு ஒரு சின்னச் சொம்பு தண்ணீர்தான், குழம்பு மோர் எல்லாம் சேர்த்து. அதற்குமேல் போனால் கால் வீங்கி மூச்சு திணறுகிறது. மிச்சத் தண்ணீரை நான்தான் ஒளித்து வைக்கிறேன். என்ன பிழைப்பு இது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டயாலிசிஸ்லயே ரொம்ப நாள் ஓட்ட முடியாதும்மா. ஹார்ட் வீக்காகுது. சொந்தத்துல யாராச்சும் கிட்னி குடுக்கறவங்க இருக்காங்களா, சீக்கிரம் பாருங்க."

எனக்குச் சுகர். என்னுடையது ஆகாது. பிள்ளை குட்டி இல்லை. மாமனார் மாமியார் இல்லை. அவருக்குக் கூடப் பிறந்தது தங்கை தனம் ஒருத்தி.

வீட்டுக்கு வந்து தனத்தின் பெயரை எடுத்தேன். எடுத்ததுதான் தாமதம்.

"அவகிட்ட கேக்காத. நான் செத்தாலும் கேக்காத."

வாங்க: உப்பில்லா பிஸ்கட், ஊதா மை பேனா, கொசுவத்தி.

ஜூன் 13, வெள்ளி

நான் கேட்கவில்லை. அவளே வந்து நிற்கிறாள்.

காலை ஏழு மணிக்கெல்லாம் கேட் சத்தம். தனம். குன்னத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். ஒரு கையில் சின்ன வெங்காயம் ஒரு பை, இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில். எங்கள் பள்ளி சத்துணவு அக்கா அவள் ஊர்க்காரி. செய்தி அந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும்.

"உள்ள வா தனம்."

"இங்கயே இருக்கேன் அண்ணி."

வாசற்படியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அந்த நத்தைக் கல். அவர் சுண்ணாம்புச் சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டிய காலத்தில் எடுத்து வந்தது. கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறோம். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம், அந்தக் கடல் நத்தை கல்லாகிவிட்டதாம். தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்து நிற்கும் இந்த அரியலூரில் கடல்! யாரிடம் சொல்ல. தனம் அதன் சுருளில் விரலை வைத்துச் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"எனக்கும் அண்ணனுக்கும் ஒரே குரூப்பு. பாப்பா பொறந்தப்பவே பாத்துட்டாங்க. என்னோட கிட்னிய எடுத்துக்கச் சொல்லுங்க."

கத்தரிக்காய் கொடுப்பது மாதிரி சொல்கிறாள். அவர் உள்ளே கட்டிலில்தான் இருக்கிறார். ஜன்னல் திறந்திருக்கிறது. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டிருக்கும். அவளும் தெரிந்துதான் சத்தமாகச் சொன்னாள். ஆனால் 'சொல்லுங்க' என்று என் மூலமாக.

நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினேன். அவள் பார்க்காத மாதிரி தன் பாட்டிலைத் திறந்து குடித்தாள். அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

வெங்காயப் பை என் கையில். கொடுப்பாள். வாங்க மாட்டாள்.

ஜூன் 13, அதே நாள், மாலை

மனசு ஆறவில்லை. ஒன்பது வருடத்துக்கு முந்தைய கதையை எழுதித்தான் பார்ப்போமே.

தனத்தின் மகள் யாழினிக்குக் காதுகுத்து. குன்னத்தில், அவர்கள் குலதெய்வக் கோயிலில். சீர்த்தட்டோடு நான் முன்னாடியே போய்விட்டேன். அவர் ஷிஃப்ட் முடித்து நேராக வருவதாகப் பேச்சு. மாற்று ஆள் வரவில்லை, வண்டியைப் போட்டுவிட்டு வர முடியவில்லை. இங்கே நல்ல நேரம் முடிகிறது. தனத்தின் மாமனார் குதிக்கிறார். கடைசியில் பங்காளி முறையில் யாரோ ஒருவர் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள்.

பிள்ளை அழுது ஓய்ந்த பிறகு இவர் வந்தார். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. தனத்தின் முகத்தைப் பார்த்தார். சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு சிரித்தபடி சொன்னார்: "விடு தனம். யாரு மடின்னா என்ன? காது குத்தியாச்சுல்ல."

அவ்வளவுதான். லேட்டாக வந்ததைக்கூட அவள் பொறுத்திருப்பாள் என்று நினைக்கிறேன். இந்த வார்த்தையைப் பொறுக்கவில்லை. "இனிமே உங்க வூட்டுல கை நனைக்க மாட்டேன்" என்றாள். அன்றைக்கு நிறுத்தியது. என்னோடு தீபாவளி, பொங்கலுக்குப் போனில் பேசுவாள். அவரோடு ஒரு வார்த்தை கிடையாது. எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் கிடையாது.

அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் நான் இத்தனை வருடமாக நினைத்து வருகிறேன். யார் மடியானாலும் துளை ஒன்றுதானே.

ஜூன் 22, ஞாயிறு

குன்னம் போனேன். தனத்தின் வீட்டுக்காரர் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். சட்டம்.

ஊர் முழுக்க மண் வாசனை, நேற்று ஒரு மழை. வெங்காயம் நடும் வேலை. தனம் வரப்பில் நின்று எட்டுப் பெண்களையும் வீட்டுக்காரரையும் ஒரே குரலில் மேய்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் ரெங்கசாமி அண்ணன். சாது. என்னை மரத்தடிக்குக் கூட்டிப் போய் மெதுவாகச் சொன்னார்:

"நான் வேணாம்னு சொன்னா நிறுத்துவாளாம்மா? காதுகுத்து அன்னைக்கும் சொன்னேன், அண்ணன்கிட்ட கோவம் வேணாம்னு. கேக்கல. இப்பவும் சொன்னேன், கிட்னி வேணாம்னு. கேக்கல. எங்க கையெழுத்துப் போடணும்?"

அவள் மாமியார் விடவில்லை. "ஒம்போது வருசமா மூஞ்சப் பாக்காதவனுக்கு வயித்த அறுத்துக் குடுப்பாளாம். இது எந்த ஊரு நியாயம்?"

தனம் சேற்றுக் கையோடு வந்தாள். "எங்க ஊரு நியாயம்தான் அத்தை. நீங்க உள்ள போயி மாத்திரைய போடுங்க."

அந்தக் கிழவி கேட்டதைத்தான் நானும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். கோபம் உண்மை என்றால் இது எதற்கு? இதைக் கொடுக்கும் அளவு பாசம் என்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் என்ன வந்தது? இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். இரண்டும் பொய்யில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது, கோயிலில் சாமி வந்தவர் பக்கத்தில் நிற்கிற மாதிரி.

எனக்கு அங்கே சோறு, வெங்காய வத்தக்குழம்பு, அப்பளம். நான் சாப்பிடலாமாம். அதற்குத் தடையில்லை.

ஜூலை 3, வியாழன்

எல்லா டெஸ்டும் பொருந்திவிட்டது. திருச்சி டாக்டர், "அண்ணன் தங்கச்சிங்கறதவிட ரெட்டப் புள்ளங்க மாதிரி இருக்கு" என்றார்.

இப்போது இவர் மாட்டேன் என்கிறார். "எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாதவகிட்ட நான் எப்படி வாங்கறது?"

"பேசச் சொல்லிக் கேளுங்க. அன்னைக்குச் சொன்னது தப்புன்னு சொல்லுங்க."

"என்ன தப்பு? நியாயமாத்தான சொன்னேன். நீயே சொல்லு, கணக்கு டீச்சர்தான நீ."

கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கி, தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே நியாயம் பேசுகிறார். அண்ணனுக்கும் தங்கைக்கும் ரத்தம் மட்டுமா ஒன்று. எரிச்சலில் சொம்பை ணங்கென்று வைத்தேன். தண்ணீர் சிந்தியது. சிந்திய தண்ணீரை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே. அப்புறம் எனக்குத்தான் அழுகை.

கடைசியில் சரி என்று தலையை ஆட்டினார்.

ஜூலை 14, திங்கள்

புதுத் தலைவலி. ஆஸ்பத்திரியில் இந்த ஏற்பாடுகளைப் பார்க்கும் பெண் போனில் விளக்கினாள். புதன்கிழமை ஒரு குழு முன்னால் நாங்கள் நாலு பேரும் போக வேண்டும். உறவு உண்மையா, பணத்துக்காகவா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா, எல்லாம் கேட்பார்களாம். கேமராவில் பதிவும் உண்டு. சந்தேகம் வந்தால் நிறுத்திவிடுவார்கள். "சேர்ந்து எடுத்த ஃபேமிலி போட்டோ கொண்டு வாங்க மேடம். சமீபத்துல எடுத்தது."

சமீபத்திலாம். எங்கே போக? காதுகுத்து ஆல்பத்தைப் புரட்டினேன். மடியில் வேறு ஆள். நான் ஒரு ஓரத்தில் தட்டோடு. இவர் எந்தப் படத்திலும் இல்லை.

தனத்துக்குப் போன்:

"போக்குவரத்து உண்டான்னு கேப்பாங்க. உண்டுன்னு சொல்லிடு. நல்லது கெட்டதுக்கு வருவோம் போவோம்னு சொல்லிடு."

"வர்றதில்லையே அண்ணி."

"தெரியுது தனம். ஒரு வார்த்தைக்குச் சொல்லு."

"பொய் சொல்லிட்டு வயித்தக் கிழிச்சுக்கச் சொல்றீங்களா?"

"உங்க அண்ணன் உசுரு தனம்!"

"அதுக்குத்தான வரேன். கேட்டா உள்ளதச் சொல்லுவேன்."

வைத்துவிட்டாள். கிட்னி கொடுப்பாளாம், ஒரு பொய் கொடுக்க மாட்டாளாம். இவளை என்ன செய்வது? தூக்கம் வருமா என்று தெரியவில்லை.

ஜூலை 16, புதன்

திருச்சி. வழியில் காரை நிறுத்தி டீ. நான் மட்டும் குடித்தேன். அவர் ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தனமும் ரெங்கசாமி அண்ணனும் எங்களுக்கு முன்னாலேயே போய் வராண்டாவில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கல்யாணப் பட்டுப்புடவையில். கேட்டதற்கு, "பெரிய மனுசங்க முன்னாடி போறோம்ல" என்றாள்.

உள்ளே நீள மேஜை. நாலு பேர். ஓரத்தில் கேமரா. தனம் நாற்காலியில், இவர் சக்கர நாற்காலியில், ரெங்கசாமி அண்ணனும் நானும் பின்னால்.

நடுவிலிருந்த டாக்டரம்மாதான் கேட்டார்.

"அண்ணன் வீட்டுக்குப் போக்குவரத்து உண்டாம்மா?"

"இல்லைங்க."

"பேச்சு?"

"அதுவும் இல்லைங்க. ஒம்போது வருசமாச்சு."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டார். போச்சு என்று நினைத்தேன். முருகா.

"பேசாத அண்ணனுக்கு எதுக்கும்மா குடுக்கறீங்க? யாராவது பணம் தரேன்னாங்களா? மிரட்டுறாங்களா? பயப்படாம சொல்லுங்க."

"என்னைய மிரட்டுறதுக்கு எங்க ஊர்ல ஆள் இல்லைங்க."

ரெங்கசாமி அண்ணன் ஆமாம் என்று தலையாட்டினார்.

"அப்புறம் ஏன் பேச்சில்ல?"

தனம் காதுகுத்துக் கதையைச் சொன்னாள். குரல் ஏறவுமில்லை இறங்கவுமில்லை. "யாரு மடின்னா என்னன்னு கேட்டாருங்க. எம்பொண்ணுக்கு மாமன் அவரு ஒருத்தருதான். வேற மடி கெடையாது. அது அவருக்கே தெரியலையேன்னுதாங்க கோவம்."

"அவ்ளோ கோவம் இருக்குன்னா, இத ஏன் குடுக்கறீங்க?"

"அதேதாங்க. யாரோ ஒருத்தருன்னா கோவமும் வந்திருக்காது, இதுவும் குடுக்க வந்திருக்க மாட்டேன்." முந்தானையை இழுத்துச் செருகினாள். "அவரு போயிட்டா நான் யாருகூடங்க பேசாம இருக்கறது?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. நான் அழவில்லை.

பிள்ளைகளிடம் தினமும் கேட்கிறேன்: இந்த வரி எப்படி வந்தது, காரணம் எழுது. காரணம் இல்லாத வரிக்கு மதிப்பெண் கிடையாது. இன்றைக்கு இவள் சொன்னதில் எந்த வரியை அடிப்பேன்? ஒன்றும் இல்லை. இரண்டில் ஒன்று பொய் என்று அன்றைக்கு எழுதினேன். இரண்டும் ஒரே வரி.

ஆனாலும் இதை நியாயம் என்று சொல்ல வாய் வரவில்லை. நியாயம் என்கிற வார்த்தை இவளுக்குப் பத்தவில்லை, போன வருடத்துப் பள்ளிக்கூடச் சட்டை மாதிரி.

ஜூலை 21, திங்கள்

அனுமதி வந்துவிட்டது. ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் மைசூர்பாகு. எதற்கென்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

திருச்சியில் இருவரையும் சேர்த்தாயிற்று. ஆடியில் ஆப்பரேஷனா என்று தனத்தின் மாமியார் ஒரே ரகளையாம். "ஆடியில வெதைக்கலாம், இது மட்டும் ஆகாதா?" என்று தனம் வாயை அடைத்துவிட்டாளாம்.

விடியலில் எழுந்து புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் செய்து எடுத்துப் போனேன். ஆஸ்பத்திரி எங்கள் வீடில்லையே, இங்கே சாப்பிடுவாள் என்று ஒரு நப்பாசை. தூக்கைத் திறந்து பார்த்தாள். மூக்கு விடைத்தது. புளியோதரை என்றால் அவளுக்கு உயிர்.

"உங்க வூட்டு அடுப்புல ஆக்குனதா அண்ணி?"

"பின்ன?"

"வேணாம் அண்ணி."

கேண்டீனில் ஆறிப்போன இட்லி வாங்கித் தின்கிறாள். ஆக, அடுப்பும் சேர்த்தி. தெரிந்துகொண்டேன். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் மூன்று சாதத்தையும் காலி செய்து, கைப்பக்குவம் பிரமாதம் என்றார்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் தூறல். இரண்டு ஸ்ட்ரெச்சர், ஒரே வராண்டாவில் பக்கத்தில் பக்கத்தில். நடுவில் நான். இரண்டு பேரும் மேலே மின்விசிறியைப் பார்த்தபடி.

அவர் என்னிடம்: "அன்னைக்கு நான் சொன்னது தப்புன்னு அவகிட்ட சொல்லு. மடி எல்லாம் ஒண்ணு இல்லன்னு சொல்லு."

நான் திரும்பினேன். அவள் என்னிடம்: "இப்ப எதுக்கு அதெல்லாம்னு சொல்லுங்க அண்ணி. பயப்படாம போகச் சொல்லுங்க."

ஒரு முழ தூரம். அதற்கு நான் தபால்காரி. தள்ளிக்கொண்டு போனார்கள். முதலில் அவளை.

காத்திருந்தோம். ரெங்கசாமி அண்ணன் வெற்றிலையை மடித்து மடித்துப் போடாமல் வைத்திருந்தார். யார் யாரையெல்லாமோ வேண்டிக்கொண்டேன். ஏலாக்குறிச்சி மாதாவையும் சேர்த்து.

மதியம் தாண்டி டாக்டர் வந்தார், முகம் முழுக்கச் சிரிப்பு. "ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. டேபிள்லயே யூரின் வந்திருச்சும்மா."

கண்ணாடி வழியாகக் காட்டினார்கள். கட்டிலுக்குக் கீழே பை, அதில் வெளிர் மஞ்சளாகச் சொட்டு சொட்டாக. மாசக்கணக்கில் வற்றிக் கிடந்தது. ரெங்கசாமி அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். மூத்திரத்தைப் பார்த்து இரண்டு பேர் கும்பிட்டு அழுகிறோம்.

ஆகஸ்ட் 9, சனி

தனம் எழுந்து நடக்கிறாள். விலாவில் கையை வைத்துக்கொண்டு, நர்ஸை அதட்டிக்கொண்டு. மக்காச்சோளம் விதைத்தாயிற்றா என்று வீட்டுக்காரரிடம் போனில் விசாரணை.

நல்ல நேரம் பார்த்துக் கேட்டேன். "தனம், அண்ணன்தான் தப்புன்னு சொல்லிட்டாருல்ல. இனிமே நம்ம வூட்டுக்கு வா. ஒரு வாய் சாப்பிடு."

"மாட்டேன் அண்ணி."

"கோவம் போயிடுச்சுல்ல?"

"போயிடுச்சு. அவரு சொன்னப்பவே போயிடுச்சு."

"அப்புறம் என்னடி?"

"கோயில்ல வெச்சு சொல்லிட்டேன்ல. கோவம் போனா சொன்ன வார்த்தையும் போயிடுமா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு சாத்தலாம் போலிருந்தது. வராண்டாவுக்கு வந்து சிரித்தேன். அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாயிற்று. அவளிடம் வாதாடும் ஆசையே போய்விட்டது. மலையிடம் போய் ஏன் இங்கே நிற்கிறாய் என்று கேட்பதா? அண்ணாந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

அவர் அறையில் இருக்கும்போது அவள் கதவோரம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாளாம். பேசவில்லையாம். நர்ஸ் சொன்னாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். அரியலூரில் நல்ல மழை, வாசல் முழுக்கத் தண்ணீர். நத்தைக் கல்லைக் கழுவி வைத்தேன். மாஸ்க், மாத்திரை டப்பா, வெந்நீர், தனித் தட்டு. பார்க்க வருகிறவர்களை ஜன்னலோடு அனுப்பிவிடுகிறேன்.

டாக்டர் உத்தரவு: நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். நிறைய! பெரிய சொம்பில் ஆற வைத்த தண்ணீரைக் கொண்டுபோய் நீட்டினேன். பழக்கதோஷத்தில் என் கையே தயங்குகிறது. அவர் இரண்டு கையாலும் வாங்கினார். அண்ணாந்து கடகடவென்று. தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சொம்பைக் காலி செய்துவிட்டு, "இன்னொண்ணு" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. உடனே போனை எடுத்தேன்.

"தனம், உங்க அண்ணன் தண்ணி குடிக்கறாரு."

"குடிக்கட்டும் அண்ணி. நல்லாக் குடிக்கச் சொல்லுங்க."

"குடிக்கறது அவரு. வாங்கிக்கறது யாரு? உன்னோடது நம்ம வூட்டுல உக்காந்து நம்ம தண்ணியக் குடிச்சுக்கிட்டிருக்கு. கை நனைக்க மாட்டேன்னியே?"

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அதுவா?" என்றாள் தனம். "அது அவருக்குக் குடுத்தாச்சு அண்ணி. அது உங்க வூட்டுது. அதுக்கு நல்லா ஊத்துங்க."

சொம்பை மறுபடி நிரப்பி எடுத்துக்கொண்டு போனேன்.